இன்ஜின் ரூம் பழைய ஃபோமை அடியோட எடுங்க

வணக்கம். போட்டு இன்ஜின் வேலைதான் எனக்குத் தொழில், இன்னைக்கு நான் பேச வந்தது ஒரே ஒரு விஷயம், சின்ன மோட்டார் போட்டுல இன்ஜின் ரூம் மூடிக்கு உள்பக்கம் சத்தம் கொறையுறதுக்காக ஒட்டியிருப்பாங்கள்ல ஒரு ஃபோம், அது பழசாயிட்டா அதுமேலயே புதுசு ஒட்டாதீங்க, அடியோட எடுத்துடுங்க.

போன மாசம் ஒரு தம்பி போட்டைக் கொண்டுவந்தாப்ல. டீசல் வாடை போகவே மாட்டேங்குதுண்ணே, டேங்க் மாத்திட்டேன், ஓஸ் மாத்திட்டேன், அப்பவும் அடிக்குதுன்னாரு. மூடியைத் தூக்கிப் பாத்தா புது ஃபோம் பளபளன்னு இருக்கு, ஓரத்துல கத்தியை விட்டு நெம்புனா உள்ள பழசு, கருப்பா, பிசுபிசுன்னு. ஒரு துண்டைப் பிச்சுக் கையில வச்சுப் பிழிஞ்சேன், விரலிடுக்குல டீசலும் ஆயிலும் வழிஞ்சு முழங்கை வரைக்கும் ஓடுச்சு. அந்தத் தம்பி முகமே மாறிப்போச்சு.

அரிக்கேன் விளக்குத் திரி தெரியும்ல, அதே கதைதான். டீசலைத் தரையில ஊத்தித் தீக்குச்சி போட்டா லேசுல பிடிக்காது, ஆனா திரியில ஊறுன டீசல் சட்டுன்னு பிடிச்சுக்கும், அந்தத் திரியை நாம சூடான புகைக்குழாய்க்கு மேலயே தொங்கவிட்டு வச்சிருக்கோம். ஃபோம் எரிஞ்சா வர்ற புகையில கார்பன் மோனாக்சைடும் இருக்கு, சயனைடு வாயுவும் இருக்கு. அதனால பிச்சு எடுத்ததைக் கரையில போட்டுக் கொளுத்திராதீங்க, பிள்ளைங்க விளையாடுற இடம், சாக்குல கட்டிக் குப்பைக்குக் குடுங்க.

உப்புக்காத்து ஈரமும் இன்ஜின் சூடும் சேந்து ஃபோமை இத்துப்போக வச்சிரும், தொட்டாலே பொடியா உதிரும், அந்தப் பொடி கீழ தண்ணிக்குள்ள விழுந்து பில்ஜ் பம்ப், அதான் போட்டு அடியில சேர்ற தண்ணியை வெளிய தள்ளுற பம்ப், அதோட வலையை அடைச்சிரும். போட்டுல தண்ணி கசியுற ஓட்டை சின்னதாத்தான் இருக்கும், பம்ப் இழுக்காததாலயே போட்டு தண்ணி ஏறி உக்காந்துரும்.

சரி, எடுக்குறது எப்படின்னா, மொதல்ல பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழட்டுங்க, மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணா மட்டும் போதாது, நெறைய போட்டுல தண்ணி ஏறுனா பம்ப்பைத் தானா ஓடவைக்கிற ஃப்ளோட் சுவிட்சுக்கு கரண்ட் பேட்டரியில இருந்து நேரா போகும். மூடியைத் தெறந்து நல்லா காத்து போகவிடுங்க, பெட்ரோல் இன்ஜினா இருந்தா இன்னும் அதிக நேரம், ஏன்னா பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம், அடியிலயே படுத்துக் கெடக்கும். இன்ஜின் காத்து இழுக்குற வாயைத் துணி வச்சு அடைச்சிருங்க, மாஸ்க்கும் கண்ணாடியும் கண்டிப்பா போடுங்க.

ஃபோம் கையாலயே வந்துரும், பசைதான் உயிரை வாங்கும். அவசரப்பட்டு கிரைண்டர்ல ஒயர் பிரஷ் மாட்டி உள்ள விடாதீங்க, பொறி பறக்கும். அசிட்டோனும் வேணாம், மைனஸ் 20 டிகிரியிலயே தீப்பிடிக்கிற ஆவி விடுற சாமான் அது. டர்பன்டைன்ல துணியை நனைச்சுப் பசை மேல போட்டு பிளாஸ்டிக் தாளால மூடி ஒரு பத்து நிமிசம் விட்டுப் பட்டி பிளேடால சாய்ச்சு வழிச்சா சுருள் சுருளா வரும், டர்பன்டைனும் தீப்பிடிக்கிறதுதான், பீடி சிகரெட்டெல்லாம் தூரப் போயிடணும். கடைசியா சோப்புத்தண்ணி போட்டுக் கழுவுங்க, ஆனா அந்த அழுக்குத் தண்ணியைக் கடல்ல விட்றாதீங்கய்யா, வாளியில மொண்டு எடுங்க.

இன்னொண்ணு, தளத்துக்கு அடியில கெட்டியா ஊத்தியிருக்குற ஃபோம் வேற, அது போட்டு மிதக்குறதுக்கு. அதுல கைவைக்காதீங்க!

புதுசு போடும்போது மேல அலுமினியத்தாள் ஒட்டுன ஃபோமா பாத்து வாங்கி, வெட்டுன ஓரத்தையெல்லாம் ஃபாயில் டேப்பால மூடிடுங்க, எண்ணெய் உள்ள போற வழியே அந்த ஓரம்தான். பசையை மட்டும் நம்பாம பெரிய வாஷர் வச்சு ஸ்க்ரூவும் போடுங்க, சூட்டுல பசை விட்டா ஃபோம் நேரா பெல்ட்டு மேல விழும். ஒட்டுறதுக்கு முன்னாடி இன்ஜினுக்குக் கீழ இருக்குற தரைக்கு வெள்ளை பெயின்ட் ஒரு கோட் அடிச்சு வையுங்க, அப்புறம் ஒரு சொட்டு டீசல் கசிஞ்சாலும் பளிச்சுன்னு தெரியும், எந்த நட்டுல இருந்து வருதுன்னு பாத்து டைட் பண்ணிட்டே கடலுக்குப் போகலாம்.