மூலக்கதை என்று போட்டு என் பெயர்

(தருமபுரியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் ‘நாவலும் திரையும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். கௌரவமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் நாவல் இன்னும் திரைக்குப் போகவில்லை. போவதாக நான் காணும் பகல்கனவு இருக்கிறதே, அதைப் பற்றி வேண்டுமானால் அனுபவஸ்தனாகப் பேசலாம்.

பென்னாகரத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் போதும், படம் ஆரம்பித்துவிடும். முதலில் டைட்டில். ‘மூலக்கதை’ என்று போட்டு என் பெயர். அதை எங்கே போடுவார்கள்? சண்டைப் பயிற்சிக்கு முன்னாலா, பின்னாலா? எழுத்து எவ்வளவு பெரிசு? இந்த விவகாரம் தீர்வதற்குள் இண்டூர் வந்துவிடும். அதற்கு மேல்தான் கதையே தொடங்கும். சிரிக்காதீர்கள். இங்கே எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

நாவலைப் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பட்டுப்புழு வளர்க்கும் ஒரு ஆயாவின், அதாவது பாட்டியின், கதை. அதில் ஓர் இரவு வரும். நாலாவது தோலை உரித்த பிறகு புழுவுக்கு வருகிற பசி சாதாரணப் பசியில்லை. தன் ஆயுசுக்குத் தின்னும் தழையில் பெரும்பகுதியை அந்தக் கடைசி ஏழெட்டு நாளில்தான் தின்று தீர்க்கும். மல்பெரித் தழையைப் போட்டுவிட்டு இருட்டில் நின்றால் புழு வளர்க்கும் மனை முழுக்கத் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். ஆயா விளக்குப் போடமாட்டாள். காதாலேயே கேட்பாள். ஒரு மூலையில் அந்தத் தூறல் கொஞ்சம் மெலிந்திருக்கும். அவளுக்கு வயிற்றைப் பிசையும். விடிந்து பார்த்தால் அந்தத் தட்டில் நாலு புழு துவண்டு கிடக்கும்.

இதை நான் 11 பக்கம் எழுதினேன். பஸ்ஸில் ஓடும் படத்திலோ, திரை முழுக்க இருட்டு, அந்தச் சத்தம் மட்டும். தியேட்டரில் ஒருத்தர் வெளியே மழை பிடித்துக்கொண்டதோ என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். என் 11 பக்கமும் போச்சு! என் கனவில் வந்த டைரக்டர் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது.

அவரால் முடியாத இடமும் உண்டு. பட்டுக்கூடு அங்காடியில் ஏலம். வியாபாரி ஒரு கூட்டை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்க்கிறார். அந்த ஒரு நொடியில் ஆயாவின் மனசுக்குள் முப்பது வருஷக் கடன் ஓடி முடிகிறது. கேமரா என்ன செய்யும்? அவள் முகத்தைக் காட்டும். முகம் சும்மா இருக்கிறது. ஏலத்தில் முகத்தைச் சும்மா வைத்துக்கொள்ளத்தானே அவள் வாழ்நாளெல்லாம் பழகியிருக்கிறாள்? பின்னணிக் குரல் போடலாம் என்பார்கள். வேண்டாமய்யா.

புத்தகத்தை மாற்றிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, ‘முள்ளும் மலரும்’ பாருங்கள். உமாசந்திரன் நாவலில் காளியின் கையைப் புலி பறிக்கும். 1978இல் மகேந்திரன் எடுத்த படத்தில் லாரி பறிக்கும். காளி காளியாகத்தான் இருக்கிறான். பூமணியின் ‘வெக்கை’ 1982. பதினைந்து வயசுப் பையனின் கதை. 2019இல் ‘அசுரன்’ ஆனபோது பாரம் அப்பன் தோளுக்கு மாறியது. இடையில் 37 வருஷம். என் நாவல் வந்து 6 வருஷம்தான் ஆகிறது, இன்னும் 31 பாக்கி. அப்போது எனக்கு வயசு 85. அவசரமில்லை.

ஒரே ஒரு போன் வந்தது. உதவி இயக்குநர் ஒருவர். “சார், ஆயாவ நாப்பது வயசு அம்மாவா ஆக்கிடலாமா? ஒகேனக்கல்ல ஒரு பாட்டு வெச்சிடலாம்” என்றார். எங்கள் ஊரிலிருந்து அருவி 15 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் என் கதையில் வரும் ஆட்கள் ஒருத்தரும் பரிசலில் கால் வைத்ததில்லை. புழுவை விட்டுவிட்டு எங்கே போவது? இதை நான் அவரிடம் சொன்னேனா? இல்லை. “தாராளமா பண்ணலாம் சார்” என்றேன். அன்று ராத்திரியே ஆயாவுக்கு வயசைக் குறைத்து, நடிகையைக்கூட மாற்றிவிட்டேன். அவர் அப்புறம் கூப்பிடவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த நாவலை அந்த போன் ஞாபகத்திலேயே எழுத ஆரம்பித்தேன். சரியாக 120ஆம் பக்கத்தில் இடைவேளை விழுந்தது. வீட்டில் படித்துவிட்டுச் சொன்னாள், “இதுல எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்களே, யாருமே எதையும் நெனைக்க மாட்டாங்களா?” மூன்று நோட்டு. பரணில் கிடக்கிறது. எழுதி முடித்த புத்தகத்தைப் படமாக ஓட்டிப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது ஓட்டினேன் பாருங்கள், அதுதான் வினை.

இளைஞர்களுக்கு ஒரு நடைமுறைச் சங்கதி. நாளைக்கு நிஜமாகவே யாராவது வந்து கேட்டால் கைகுலுக்கி முடித்துவிடாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்பதையும் எழுதி வாங்குங்கள். எழுதாமல் விட்டால் 5 வருஷம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

என் ஒப்பந்தம் மனசுக்குள் எப்போதோ தயார். போன மாதம் புழு வளர்க்கும் ஒரு அண்ணனிடம் கனவைச் சொன்னேன். நடிகர் யார், எவ்வளவு கொடுப்பார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. “படம் புடிக்கறவங்க மனைக்குள்ள வர்றப்ப செருப்பக் கழட்டுவாங்களா? சென்ட்டு கிண்ட்டு போட்டுக்கிட்டு வந்தா புழு தாங்காதுப்பா” என்றார். அதையும் ஒரு ஷரத்தாகச் சேர்த்துவிட்டேன். ஹீரோவாகவே இருந்தாலும் வாசலில் சுண்ணாம்புத் தூளை மிதித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.