ஏ2 எப்போது ஏ3 ஆகிறது? டெஸ்டையே சோதிக்கும் பிட்

(திரையில்: நிலாவெளிக் கரை. புறாமலைக்குக் கிளம்பும் படகு.)

வணக்கம், திருகோணமலையிலிருந்து பேசுகிறேன். இந்தப் படகுக்கு ஜாவாவில் ஒரு டிக்கெட் புரோகிராம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அரை டிக்கெட், மற்றவர்களுக்கு முழு டிக்கெட். இந்த வீடியோவுக்காக நானே வைத்த விதி இது.

'வயது 12ஐ விடக் குறைவு என்றால் அரை டிக்கெட்' என்று ஒரு இஃப் போதும், எழுதியாயிற்று. ஜாவா புரோகிராம்களைச் சோதிக்கும் ஜேயூனிட்டில் இரண்டு டெஸ்ட்: 5 வயதுக்கு அரை, 30 வயதுக்கு முழு. இரண்டும் பச்சை, அதாவது பாஸ். எந்த வரியெல்லாம் ஓடியது என்று கணக்கெடுக்கும் ஜாகோகோவும் 100 வீதம் காட்டுகிறது. சரி, வேலை முடிந்தது என்று எழும்பிவிடத் தோன்றும்.

எழும்பாதீர்கள். ஒரு வரி ஓடியது என்றுதான் ஜாகோகோ சொல்கிறது. அது தப்பாக ஓடினால் உங்கள் டெஸ்ட் கண்டுபிடிக்குமா என்பதை அது சொல்லாது.

(திரையில்: டெர்மினல். ஜாவாப் கட்டளையின் விடை.)

கம்பைல் செய்த கிளாஸ் கோப்புக்குள் இருப்பது பைட்கோட், அதாவது ஜாவா இயந்திரம் ஓட்டும் கட்டளைகள். ஜாவாவின் கருவித் தொகுப்பான ஜேடிகேயோடு வரும் ஜாவாப் கட்டளையால் அதைப் பிரித்துப் பார்க்கலாம். நம்முடைய இஃப் இங்கே மூன்று கட்டளைகளாகக் கிடக்கிறது. வயதை எடு. 12ஐ எடு. வயது 12 அல்லது அதற்கு மேல் என்றால் அரை டிக்கெட் பகுதியைத் தாண்டிப் போ. நாம் எழுதியது 'குறைவு'. கம்பைலர் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறது, பாருங்கள். அந்த மூன்றாவது கட்டளையின் எண் ஹெக்ஸில், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில், ஏ2. அடுத்த எண்ணான ஏ3 என்ன சொல்லும்? 12ஐ விடக் கூடினால் மட்டும் தாண்டிப் போ.

ஏ2 இருந்த இடத்தில் ஏ3 வைத்தால், சரியாக 12 வயதான பிள்ளைக்கும் அரை டிக்கெட் போய்விடும். நம் இரண்டு டெஸ்டும் அப்போதும் பச்சைதான்!

பிட் என்ற திறந்த மூலக் கருவி இதைத்தான் வேண்டுமென்றே செய்கிறது. பைட்கோடில் ஒவ்வொரு இடமாகச் சின்னப் பிழை வைத்து, அந்த வரியைத் தொடும் டெஸ்டுகளை ஓட்டிப் பார்க்கிறது. டெஸ்ட் ஒன்று சிவந்தால் அந்தப் பிழை செத்தது. எல்லாம் பச்சையாகவே இருந்தால் பிழை தப்பிவிட்டது, அந்த இடத்தில் உங்கள் டெஸ்டில் ஓட்டை. மாற்றம் பைட்கோடிலேயே நடப்பதால் ஒவ்வொரு பிழைக்கும் மறுபடி கம்பைல் செய்யத் தேவையில்லை, உங்கள் சோர்ஸ் கோப்பிலும் கை வைக்காது.

இதற்கு அடியில் இருப்பது ஏ.எஸ்.எம், 2002இல் வெளிவந்த பைட்கோட் நூலகம். ஜாகோகோவும் அதையே நம்பி இருக்கிறது: கிளாஸ் ஏற்றப்படும்போது இடையில் சின்னச் சின்ன அடையாளங்களைச் செருகி, எவை எட்டப்பட்டன என்று குறித்துக்கொள்கிறது. டெஸ்டுக்கு உதவும் மொக்கிட்டோ போலிப் பொருட்களை உண்டாக்குவது பைட் பட்டி என்ற நூலகம் வழியாக, அதுவும் ஏ.எஸ்.எம்மின் மேல் கட்டியது. ஜாவா 24இல், 2025இல், கிளாஸ் கோப்பை வாசிக்கவும் மாற்றவும் உதவும் ஏபிஐ ஜேடிகேக்குள்ளேயே நிலையாக வந்துவிட்டது.

(திரையில்: பிட் அறிக்கை. ஒரு வரி சிவப்பு.)

இதோ, நம் இஃப் வரி. ஏ2ஐ ஏ3 ஆக்கும் அந்த எல்லைப் பிழை தப்பியிருக்கிறது. இப்போது 12 வயதுக்கு முழு டிக்கெட் என்று மூன்றாவது டெஸ்டை எழுதி மறுபடி ஓட்டுகிறேன். செத்துவிட்டது.

கம்பஸில் புரொஜெக்ட் செய்கிற தம்பி தங்கைகளுக்கு இரண்டு விஷயம். ஜேயூனிட் 5 என்றால் பிட்டுக்கு அதற்கான பிளகினைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அப்புறம், முழுப் புரொஜெக்டிலும் ஒரேயடியாக ஓட்டாதீர்கள், நேரம் இழுக்கும். காசு கணக்கிடும் பேக்கேஜ் ஒன்றை மட்டும் முதலில் கொடுங்கள். தப்பும் பிழை எல்லாமே ஓட்டை என்றும் இல்லை. சில மாற்றங்கள் புரோகிராமின் போக்கை மாற்றவே மாட்டா, அவற்றை எந்த டெஸ்டாலும் பிடிக்க முடியாது. அவற்றை நீங்களே வாசித்துப் பார்த்து விலக்கிவிட வேண்டியதுதான்.