ஹாஜி கட்டிய வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

1994ஆம் ஆண்டு, ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. நம் கடிகாரத்தில் விடியற்காலை ஐந்து மணி. அமெரிக்காவின் பசடீனா நகரில் அப்போது சனிக்கிழமை மாலை, நல்ல வெயில். உலகக் கோப்பையில் கொலம்பியாவும் ருமேனியாவும் மோதுகின்றன. கோப்பையை வெல்லக்கூடிய அணி கொலம்பியா என்று பெலேயே சொல்லியிருந்தார். ருமேனியாவைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பால்காரர் வருவதற்குள் ஒரு பாதி ஆட்டத்தையாவது பார்த்துவிடலாம் என்றுதான் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தேன்.

34ஆவது நிமிடம். மைதானத்தின் இடது ஓரத்தில், கோட்டை ஒட்டி, ருமேனிய அணியின் ஒரு குள்ளமான மனிதரிடம் பந்து வந்தது. அங்கிருந்து கோல் கம்பம் வெகுதூரம். யாருக்காவது பந்தை எடுத்துக் கொடுப்பார் என்று நான் நினைத்தேன். கொலம்பிய கோல்கீப்பர் கோர்டோபாவும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது, நாலடி முன்னால் வந்து நின்றார். இடது காலால் ஒரே தட்டு. பந்து வளைந்து, கோல்கீப்பரின் தலையைத் தாண்டி, தூரத்துக் கம்பத்தின் ஓரமாக உள்ளே இறங்கியது. அவர் இலக்கு பார்த்து அடித்தாரா, சகாவுக்குக் கொடுத்த பந்து தவறிப் போனதா என்று கேட்டவர்கள் உண்டு. அவருடைய மற்ற ஆட்டங்களைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. ருமேனியா 3–1 என்று வென்றது. மற்ற இரண்டு கோல்களை ரடுச்சோயு அடித்தார். அவற்றுக்கும் பந்தை எடுத்துக் கொடுத்தவர் இவரேதான்.

அவர் பெயர் கியோர்கே ஹாஜி. பெயரைக் கேட்டதும் மக்காவுக்குப் போய் வந்த குடும்பம் என்று நம்மவர்களுக்குத் தோன்றும். அப்படியில்லை. பால்கன் நாடுகளில் ஜெருசலேமுக்குப் புனிதப் பயணம் போய்வந்த கிறிஸ்தவர்களையும் இப்படித்தான் அழைத்தார்கள்; பட்டம் நாளடைவில் குடும்பப் பெயராகிவிட்டது. இவர் அரோமானியர் என்ற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்தவர். 1965 பிப்ரவரி 5 அன்று கருங்கடல் பக்கம், கான்ஸ்டான்சா மாவட்டத்தில் சச்செலே என்ற கிராமத்தில் பிறந்தார்.

ஆட்டக்காரர் ஹாஜியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த நேரம் போதாது. நான் பேச வந்தது பயிற்சியாளர் ஹாஜியைப் பற்றி. ஆனால் முன்கதை இல்லாமல் பின்கதை புரியாது. அதனால் கொஞ்சம் வேகமாகச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

உள்ளூர் ஃபாருல் அணியில் தொடங்கி, தலைநகர் புக்கரெஸ்டில் ஸ்போர்ட்டுல் ஸ்டுடென்ட்செஸ்க் அணிக்குப் போனார். 18 வயதில், 1983இல், நாட்டுக்காக முதல் ஆட்டம். அவரைக் களமிறக்கிய பயிற்சியாளர் மிர்ச்சா லுச்செஸ்கு. 1985–86 பருவத்தில் லீகில் மட்டும் 31 கோல்கள். அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. ஸ்டியாவா புக்கரெஸ்ட் ராணுவத்தின் கழகம். 1986இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது. 1987 பிப்ரவரியில் மொனாக்கோவில் டைனமோ கீவ் அணியுடன் சூப்பர் கோப்பை ஆட்டம். அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் ஹாஜியை இரவல் கேட்டார்கள். அவர் ஃப்ரீ கிக்கில் அடித்த ஒரே கோலில் கோப்பை வந்தது. இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஸ்டியாவா ஓர் ஆட்டக்காரரையே திருப்பித் தரவில்லை. சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சியில் ராணுவத்திடம் போய் யார் கேட்பது?

1989 டிசம்பரில் அந்த ஆட்சி விழுந்தது. அதன் பிறகுதான் ஆட்டக்காரர்களுக்கு வெளிநாட்டுக் கதவு தாராளமாகத் திறந்தது. ஹாஜி 1990இல் ரியல் மாட்ரிட் போனார். இரண்டு ஆண்டுகள் கழித்து இத்தாலியில் பிரெஷியா. அங்கே பயிற்சியாளர் மறுபடியும் லுச்செஸ்கு. அணி இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டது; ஹாஜியும் கூடவே இறங்கி, ஒரு வருடம் அங்கே ஆடி, திரும்ப மேலே கொண்டுவந்தார். 1994 உலகக் கோப்பைக்கு வந்தபோது அவர் இத்தாலியின் இரண்டாம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தக் கோப்பையில் அர்ஜென்டினாவை 3–2 என்று வெளியேற்றியதும், காலிறுதியில் சுவீடனிடம் பெனால்ட்டியில் தோற்றதும் பலருக்கு நினைவிருக்கும். ருமேனியாவின் கார்பேத்திய மலைகளை வைத்து ‘கார்பேத்திய மரடோனா’ என்று அவருக்குப் பெயர். அசல் மரடோனா ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, அர்ஜென்டினாவுக்கு ஆட முடியாமல் இருந்த நேரத்தில் இந்த மரடோனா அவர்களை ஊருக்கு அனுப்பினார்.

பிறகு பார்சிலோனாவில், பயிற்சியாளர் யொஹான் குரைஃபிடம் இரண்டு வருடங்கள். பெரும்பாலும் சாதாரணம், பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களும் பல. இந்த இரண்டு வருடங்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

1996இல் இஸ்தான்புல்லின் கலாட்டாசராய். அங்கே அவர் ராஜா. தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள். 2000 மே 17 அன்று கோபன்ஹேகனில் ஆர்சனலை பெனால்ட்டியில் வென்று யூஏஃபா கோப்பை. துருக்கிக் கழகம் ஒன்றுக்குக் கிடைத்த முதல் ஐரோப்பியக் கோப்பை. பெயரிலேயே கலாட்டா இருக்கும் கழகத்தில் ஹாஜியும் தன் பங்கைச் செய்தார். அந்த இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் ஆர்சனல் அணித் தலைவர் டோனி ஆடம்ஸைத் தாக்கி சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். ஐந்து வாரம் கழித்து யூரோ 2000 காலிறுதி. இத்தாலிக்கு எதிராக மறுபடி சிவப்பு அட்டை. இந்த முறை பெனால்ட்டிக்காக விழுந்து நடித்ததற்கு இரண்டாவது மஞ்சள். நாட்டுக்காக 120க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடி, 35 கோல்கள் அடித்தவரின் கடைசி ஆட்டம் அப்படி முடிந்தது.

இப்படிப்பட்ட மனிதர் பயிற்சியாளரானால் எப்படி இருக்கும்?

மோசமாகத்தான் இருந்தது. 2001இல் ஆட்டத்தை விட்ட அதே ஆண்டு, 36 வயதில், தேசிய அணியையே கையில் கொடுத்தார்கள். வேறு எங்கும் பயிற்சி கொடுத்துப் பழகாதவர். உலகக் கோப்பைக்குத் தகுதி பெற ஸ்லோவேனியாவுடன் இரண்டு ஆட்டங்கள். லூப்லியானாவில் 2–1 என்று தோல்வி, புக்கரெஸ்டில் 1–1. ருமேனியா வீட்டில் உட்கார்ந்தது, ஹாஜியும்தான். 2003இல் துருக்கியின் புர்சாஸ்போர், சில மாதங்கள்தான். 2004இல் கலாட்டாசராய். இங்கே ஒரு நல்ல நாள் வந்தது. 2005 துருக்கிக் கோப்பை இறுதியில் பரம எதிரியான ஃபெனர்பாசேயை 5–1 என்று துவைத்தெடுத்தார்கள். அந்த அணியில் ஃபிராங்க் ரிபெரி என்ற இளைஞரும் இருந்தார். ஆனால் லீக் பட்டம் ஃபெனர்பாசேவுக்குப் போனது. ஹாஜி வெளியே போனார். அப்புறம் ருமேனியாவில் திமிஷ்வாரா நகரின் கழகம். 2007இல் ஸ்டியாவா, அதுவும் ஒரு கோடையோடு சரி: யார் ஆடுவது என்பதில் கழக உரிமையாளருக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. 2010 அக்டோபரில் கலாட்டாசராய் இரண்டாவது முறை அழைத்தது. அடுத்த மார்ச்சில் அனுப்பிவிட்டது. அணி அந்தப் பருவத்தில் எட்டாம் இடத்தில் முடித்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வருடம், ஆறு வேலை, கையில் ஒரே ஒரு கோப்பை. பெரிய ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளர் ஆகமாட்டார் என்று வழக்கமாகச் சொல்வார்களே, அதற்கு இவரையே உதாரணமாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தனக்குச் சுலபமாக வந்தது மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்று புரியாத கோபம் என்று விளக்கமும் சொன்னார்கள். அந்த விளக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எனக்கு வேறொன்று படுகிறது. இந்த ஆறு இடங்களிலும் ஹாஜி குடியிருந்தது வாடகை வீட்டில். யாரோ வாங்கிய ஆட்டக்காரர்கள், யாரோ வகுத்த அவசரம், மூன்று ஆட்டம் தோற்றால் வாசலில் பெட்டி. சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் இந்த மனிதரால் எப்படி இருக்க முடியும்?

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். ஹாஜி 2009இல் கட்ட ஆரம்பித்தார். கலாட்டாசராய் அவரை இரண்டாவது முறை அழைப்பதற்கு முந்தைய ஆண்டு அது. பிறந்த மண்ணிலேயே, கான்ஸ்டான்சாவை ஒட்டிய ஓவிடியு என்ற சிற்றூரில், தன் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு கால்பந்துப் பயிற்சிப் பள்ளியும் அதோடு ஒரு கழகமும் தொடங்கினார். கழகத்தின் பெயர் ‘வீட்டோருல்’. ருமேனிய மொழியில் ‘எதிர்காலம்’ என்று பொருள். நமக்கு அதில் ‘வீடு’ கேட்கிறது; அது நம் காதின் குற்றம், ஆனால் எனக்குப் பிடித்த குற்றம்.

அந்த ஓவிடியுவுக்கும் ஒரு கதை உண்டு. ரோமானியக் கவிஞர் ஓவிட் பேரரசர் அகஸ்டஸின் கோபத்துக்கு ஆளாகி நாடு கடத்தப்பட்ட இடம் தோமிஸ். இன்றைய கான்ஸ்டான்சாதான் அது. அவர் பெயரைத்தான் இந்தச் சிற்றூருக்கு வைத்திருக்கிறார்கள். ரோமுக்குத் திரும்ப முடியவில்லையே என்று அந்தக் கவிஞர் அங்கே உட்கார்ந்து புலம்பி எழுதினார். ஹாஜி மாட்ரிட், பிரெஷியா, பார்சிலோனா, இஸ்தான்புல் என்று சுற்றிவிட்டுத் தானாக விரும்பி அங்கே வந்து உட்கார்ந்தார்.

வீட்டோருல் மூன்றாம் நிலை லீகில் ஆரம்பித்தது. 2010இல் இரண்டாம் நிலை, 2012இல் முதல் நிலை. அங்கே போனதும் திணறல்தான். பையன்கள் பையன்களாகவே ஆடினார்கள். 2014இல் ஹாஜி தானே பயிற்சியாளர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். இனி கழக முதலாளியும் பயிற்சியாளரும் ஒருவரே. தோற்றால் யார் யாரை நீக்குவது?

இதைக் குறையாகச் சொன்னவர்கள் அதிகம். நான் இதைத்தான் அவருடைய வெற்றியின் ரகசியமாகப் பார்க்கிறேன். 17, 18 வயதுப் பையன்களை அணியில் போட்டுத் தோற்கும் உரிமையை அவர் காசு கொடுத்து வாங்கினார். வேறெந்தப் பயிற்சியாளருக்கும் அது கிடைக்காது. அந்தப் பையன்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்தது என்ன? கோல்கீப்பரிலிருந்தே பந்தைத் தரையோடு நகர்த்திக்கொண்டு வா, நெருக்கடியிலும் தூக்கி உதைக்காதே, பந்து நம்மிடமே இருக்கட்டும். இது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தேவையில்லை. பார்சிலோனாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களை மனத்தில் வைக்கச் சொன்னேனே, அங்கிருந்துதான். ஆடியிருந்தால் ஆட்டம் மட்டும் மிஞ்சியிருக்கும். உட்கார்ந்ததால் குரைஃப் என்ன செய்கிறார் என்று பார்க்க நேரம் கிடைத்தது. இது என் ஊகம். ஆனால் அவருடைய அணிகள் ஆடியதைப் பார்த்தால் ஊகம் பொய்யில்லை என்று தெரியும்.

2017 மே 13. பருவத்தின் கடைசி ஆட்டம். வீட்டோருல், சிஎஃப்ஆர் க்ளூஜ் அணியை 1–0 என்று வென்றது. பட்டியலில் வீட்டோருலுக்கும் எஃப்சிஎஸ்பி கழகத்துக்கும் சமப் புள்ளி. இரண்டும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களின் கணக்கில் வீட்டோருல் மேலே. எட்டே வயதான கழகம் நாட்டின் சாம்பியன். அந்த எஃப்சிஎஸ்பி யார் தெரியுமா? ஸ்டியாவாவின் வாரிசு நாங்கள்தான் என்று உரிமை கொண்டாடும் கழகம். 2007இல் ஒரே கோடையில் ஹாஜியோடு ஒத்துப்போகாத அதே இடம்.

அதே ஆண்டு கோடையில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் சைப்ரஸின் அப்போயல் அணி இந்தப் பையன்களை இரண்டாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் துரத்திவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ருமேனிய லீக் ஒன்றும் இங்கிலாந்து லீக் அல்ல. நன்றாக ஆடும் பையனை விற்றால்தான் அடுத்த பையனுக்குச் சோறு என்பதால், அணி சேர்வதும் கலைவதுமாகவே இருந்தது. மகன் இயானிஸைச் சின்ன வயதிலேயே அணித் தலைவராக்கியதற்கு முணுமுணுப்பும் இருந்தது. எனக்கும் அப்போது அது உறுத்தியது. பிறகு 2019இல் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் போட்டியில் இங்கிலாந்தை 4–2 என்று தோற்கடித்து அரையிறுதிவரை போன ருமேனிய அணியைப் பார்த்தேன். இயானிஸோடு வீட்டோருலின் மற்றப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். முணுமுணுப்பை விழுங்கிக்கொண்டேன்.

அதே 2019இல் ருமேனியக் கோப்பையும் வீட்டோருலுக்கு வந்தது. 2021இல் ஹாஜி இன்னொரு காரியம் செய்தார். தான் சிறுவனாக ஆடத் தொடங்கிய ஃபாருல், 1920இல் பிறந்த பழைய கழகம், நொடித்துப் போயிருந்தது. வீட்டோருலை அதோடு இணைத்துவிட்டார். தான் சூட்டிய பெயரை விட்டுவிட்டு, தனக்குப் பெயர் கொடுத்த கழகத்தின் பெயரை வைத்துக்கொண்டார். ‘எதிர்காலம்’ என்ற பலகை இறங்கி, ‘ஃபாருல்’ என்ற பலகை ஏறியது. அந்தச் சொல்லுக்குக் கலங்கரை விளக்கம் என்று பொருள்.

2023 மே 21. ஓவிடியுவில் ஃபாருலும் எஃப்சிஎஸ்பியும். ஆம், மறுபடியும் அவர்கள். ஃபாருல் 0–2 என்று பின்தங்கியிருந்தது. அங்கிருந்து எழுந்து 3–2 என்று வென்றது. ஒரு சுற்று மீதியிருக்கும்போதே பட்டம் உறுதி. ஃபாருலின் வரலாற்றில் முதல் லீக் பட்டம் அது.

இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓர் ஆட்டத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 2024 ஜூன் 26, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட். யூரோ கோப்பையில் ருமேனியாவும் ஸ்லோவாக்கியாவும். 2000க்குப் பிறகு ருமேனியா இந்தப் போட்டியில் முதல் சுற்றைத் தாண்டியதே இல்லை. தாண்ட ஒரு புள்ளி வேண்டும். 24ஆவது நிமிடத்தில் ஸ்லோவாக்கியா கோல் அடித்துவிட்டது. 37ஆவது நிமிடம். பெனால்ட்டிப் பெட்டியின் விளிம்பில் ருமேனிய ஆட்டக்காரர் ஒருவரைத் தடுக்கி விழ வைத்தார்கள். நடுவர் ஓரத்துத் திரையில் பார்த்துவிட்டு வந்து பெனால்ட்டி என்றார். விழுந்தவர் இயானிஸ் ஹாஜி. பந்தை எடுத்து வைத்தவர் ராஸ்வான் மரின், வீட்டோருலில்தான் முதன்முதலில் பெரியவர்கள் ஆட்டத்துக்கு வந்தவர். வலைக்குள் அடித்தார். ஆட்டம் 1–1 என்று முடிந்தது. அந்தப் பிரிவில் நான்கு அணிகளுக்கும் நான்கு நான்கு புள்ளிகள், முதலிடம் ருமேனியாவுக்கு.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.