புதுப் பற்றறி 14 வீதத்திலயே நூந்து போகுதோ? குறை எங்க எண்டு பாப்பம்

வணக்கம் எல்லாருக்கும். இண்டைக்கு நேரா விசயத்துக்கு வாறன், கொஞ்சம் கோவத்தோட. லப்டொப் பற்றறி மாத்துற வீடியோ போட்டாப்பிறகு கனபேர் எழுதினது ஒரே கதைதான்: "புதுசு பூட்டியாச்சு, 14 வீதம் காட்டிக்கொண்டிருக்கேக்கயே பட்டெண்டு நூந்து போகுது." கடையில கேட்டால் "முதல் தரம் எட்டு மணித்தியாலம் சார்ஜில விடுங்கோ, மூண்டு தரம் செய்யச் சரிவரும்" எண்டு சொல்லுகினமாம். தயவுசெய்து உதை இனி ஒருத்தரும் சொல்லாதேங்கோ. அது பழைய நிக்கல் பற்றறிக் காலத்துப் பழக்கம். லிதியம் அயன் நிறைஞ்ச உடன சார்ஜ் தானா நிண்டிடும். மிச்ச நேரம் வயர் சும்மா கிடக்குது.

அந்த வீதம் ஒரு ஊகம், அதை முதல்ல மனசில வையுங்கோ. பற்றறிக்குள்ள ஒரு கேஜ் சிப் இருக்கு. எவ்வளவு கறண்ட் உள்ள போச்சு, எவ்வளவு வெளிய வந்தது எண்டு அது கூட்டிக் கழிச்சுக்கொண்டே இருக்கும். மூடின தண்ணித் தாங்கியில வாளி எண்ணுற மாதிரி. வோல்டேஜைப் பாத்துச் சொல்ல ஏலாதோ எண்டு கேப்பியள். செல் நிறைஞ்சால் 4.2 வோல்ட், 11.4 வோல்ட் எழுதின மூண்டு செல் பற்றறியளில ஒவ்வொரு செல்லும் 4.35. கீழ வெறுமையாகேக்க 3 வோல்ட் பக்கம். ஆனால் நடுவில கனதூரம் பெரிசா அசையாது. அதால வாளிதான் எண்ணவேணும், எண்ணுறதுக்குத் தாங்கி எத்தினை வாளி பிடிக்கும் எண்டு தெரியவேணும். புதுப் பற்றறியில அந்த எண்ணைச் சிப்புக்குள்ள எழுதித்தான் அனுப்புவினம். அது பிழையெண்டால் வீதமும் பிழை.

இப்ப ரிப்போர்ட் எடுப்பம். கொமாண்ட் புரொம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, ஸ்லாஷ், பற்றறிரிப்போர்ட். எழுத்து திரையில போட்டிருக்கிறன், நிப்பாட்டிப் பாத்து அடியுங்கோ. பைல் எங்க கிடக்கு எண்டு அதே சொல்லும், பிரவுசரில திறவுங்கோ. மூண்டு வரி போதும்: டிசைன் கப்பாசிற்றி (செய்யேக்க எழுதின கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கப்பாசிற்றி (இப்ப நிறையப் பிடிக்கிறதெண்டு சிப் நினைக்கிற அளவு), சைக்கிள் கவுண்ட் (எத்தினை முழுச் சுற்று ஓடினது). இந்த மேசையில கிடக்கிற பற்றறி 11.4 வோல்ட், 3600 மில்லி அம்பியர் அவர். பெருக்கினால் 41.04 வட் அவர், அதாவது ரிப்போர்ட்டில 41,040 மில்லி வட் அவர். ரெண்டு கப்பாசிற்றி வரியிலயும் அச்சொட்டா 41,040 எண்டே நிக்குது பாருங்கோ. இது அளந்து வந்த எண்ணில்லை, ஸ்டிக்கரில இருக்கிற எண்.

சிப்புக்கு உண்மையைப் படிப்பிக்க ஒரேயொரு முழுச் சுற்றுப் போதும். 100 வரைக்கும் சார்ஜ் பண்ணி, வயரோட ரெண்டு மணித்தியாலம் விடுங்கோ. பிறகு வயரைக் கழட்டி ஓடவிடுங்கோ. இறங்கேக்க ஒரு நிமிசத்துக்கும் சார்ஜரைச் செருகப்படாது. செருகினால் சிப் அந்தப் பாடத்தை அப்பிடியே கைவிட்டிடும், நீங்கள் முதலில இருந்து வரவேணும்.

ஐயோ, ஒண்டு விட்டிட்டன், இதுதான் கனபேர் பிடிபடுற இடம். தொடங்க முதல் சார்ஜ் வரம்பை எடுத்துவிடுங்கோ. லெனோவோவின்ர வான்ரேஜ் அப்பில கொன்சர்வேசன் மோட், ஏசஸின்ர மைஏசஸ் அப்பில பற்றறி கெயார், சிலதில பயோஸுக்குள்ள, அதாவது விண்டோஸ் தொடங்க முதல் திறக்கிற செற்றிங் திரையில. அது போட்டிருந்தால் 60இலயோ 80இலயோ நிண்டிடும். அதைப் பற்றறிப் பிழையெண்டு கடைக்குக் கொண்டு ஓடாதேங்கோ. ஸ்லீப்பையும் நிப்பாட்டுங்கோ.

கடைசித் துண்டுதான் சிக்கல். விண்டோஸ் வழக்கமா 5 வீதத்தில ஹைபர்நேட்டுக்குப் போயிடும் (வேலையைச் சேமிச்சிட்டுத் தானா நூரும்), அதுக்குக் கீழ என்ன கிடக்கெண்டு சிப் காணாது. அதால 20 வீதத்துக்கு வந்த உடன, 14இல நூர முதலே, ரீஸ்டார்ட் பண்ணி பயோஸுக்குள்ள போங்கோ. ஏசஸ், டெல் எண்டால் எஃப்2, எச்பி எண்டால் எஃப்10. அந்தத் திரையில அப்பிடியே விடுங்கோ. அங்க ஸ்லீப்பும் இல்லை ஹைபர்நேட்டும் இல்லை, தானா நூரும் வரைக்கும் இறங்கும். எனக்கு இந்த முறைதான் விருப்பம். பற்றறி வீதத்தைச் சரியாக்கும் கலிபிரேசன் அப் எண்டு கண்டதையும் இறக்கிப் போடுறது கண்ணிலயும் காட்டக் கூடாது, அதுகள் சிப்புக்கு ஒண்டும் படிப்பிக்கிறதில்லை. திங்பாட் வைச்சிருக்கிறவைக்கு வான்ரேஜிலயே பற்றறி கேஜ் ரீசெற் இருக்கு, அதைப் பாவியுங்கோ.

நூந்தாப்பிறகு ஐஞ்சு மணித்தியாலம் தொடாமல் விடுங்கோ. வோல்டேஜ் அமைதியானால்தான் சிப் அடியைச் சரியாக் குறிக்கும். அதுக்காக நாள்கணக்கில வெறுமையா விட்டால் செல்லுக்குக் கூடாது, அண்டைக்கே சார்ஜில போடவேணும். திருப்பி 100 வரைக்கும் ஒரே மூச்சில ஏத்துங்கோ. கறண்ட் வெட்டுற நாளில தொடங்காதேங்கோ. மெத்தையில வைச்சும் செய்யாதேங்கோ, இஞ்சத்தைய வெக்கைக்குச் செல் சூடாகிடும்.

இப்ப ரிப்போர்ட்டைத் திருப்பி எடுத்து ஃபுல் சார்ஜ் கப்பாசிற்றி வரியைப் பாருங்கோ: 35,400. "ஐயோ, குறைஞ்சு போச்சே!" எண்டு பதறவேண்டாம். பற்றறி முந்தியும் இவ்வளவுதான் பிடிச்சது. 41,040இல 14 வீதம் கழிச்சுப் பாருங்கோ, 35,294. கிட்டத்தட்ட அதே எண். அது நூந்ததுக்குக் காரணம் இதுதான், அந்தப் 14 வீதம் இல்லவே இல்லை. ஓடுற நேரம் ஒரு நிமிசமும் கூடப்போறதில்லை. ஆனால் எண் உண்மையாகிடும், விண்டோஸுக்கு உங்கட வேலையைச் சேமிக்க நேரம் கிடைக்கும்.

ஆனால் இதில எனக்கு ஆத்தாமை. 35,400ஐ 11.4ஆல பிரியுங்கோ, 3105 மில்லி அம்பியர் அவர். ஸ்டிக்கரில 3600. பற்றறி 9,500 ரூபா. குறையிற 14 வீதத்தைக் காசாப் பாத்தால் 1,330 ரூபா! 1,330 ரூபாவுக்கு இல்லாத பற்றறி வாங்கியிருக்கினம். இதைவிட மோசம், அதே தடிப்பு, அதே நீளம், மேல 5200 எண்டு ஒட்டி விக்கிறது. அதே பெட்டிக்குள்ள அவ்வளவு செல் எங்க இருந்து வரும்? வாங்கேக்க மில்லி அம்பியரைப் பாக்காதேங்கோ, வட் அவரைப் பழைய பற்றறியோட ஒப்பிடுங்கோ. வோல்ட் மாறினாலும் அது ஏமாத்தாது.

எல்லாத்துக்கும் இந்தச் சுற்று மருந்தில்லை. 40இல இருந்து ஒரேயடியா 5க்கு விழுகுது, சுற்று முடிஞ்சும் அப்பிடியே விழுகுது எண்டால் செல் பிழை. மூண்டு செல் தொடரில இருக்கேக்க ஒண்டு பலவீனமெண்டால் அது முதல்ல அடிக்குப் போகும், மற்ற ரெண்டிலயும் சார்ஜ் இருந்தாலும் பாதுகாப்புச் சேர்க்கிட் முழுதையும் வெட்டும். எத்தினை தரம் படிப்பிச்சாலும் திருந்தாது, திருப்பிக் குடுங்கோ. டச்பாட் மேல எழும்பினால் உடனே நிப்பாட்டுங்கோ, அது பற்றறி வீங்குது.

வீதம் அசையவே இல்லை, இல்லாட்டிப் பற்றறியே இல்லையெண்டு காட்டுது எண்டால் முதல்ல கனெக்டரைப் பாருங்கோ. கிட்டக் காட்டுறன். இந்த வெள்ளைப் பிளக்கில தடிச்ச வயர் பவருக்கு, இந்த மெல்லிசு ரெண்டும் சிப் கதைக்கிற டேட்டா வயர். ஒரு பக்கம் அரை மில்லிமீற்றர் தூக்கி நிண்டால் பவர் வரும், பேச்சு வராது. சார்ஜரைக் கழட்டி, பிளக்கை எடுத்து, பவர் பட்டனை 30 செக்கன் அமத்திப் பிடிச்சு, ரெண்டு பக்கமும் சமமா அமத்திச் செருகுங்கோ.

கடைக்குக் கொண்டு போறதெண்டால் சுற்றுக்கு முந்தின ரிப்போர்ட்டையும் பிந்தினதையும் ரெண்டையும் கொண்டு போங்கோ, சைக்கிள் கவுண்ட் வரியோட. வாயால சொல்லி வாதாடவேண்டாம், அந்த ரெண்டு எண்ணையும் காட்டுங்கோ. உத்தரவாதத் திகதி முடிய முதலே போங்கோ.