மலை ரயில் மெதுவாகத்தான் புறப்படும்

உதகை வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

மனத்தில் நிலைத்த திரைப்படங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது, அது எளிய வேலை என்றுதான் எண்ணினேன். ஒரு வாரம் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து எழுதியதில் பெயர்கள் நாற்பதைத் தாண்டிவிட்டன. ஆனால் அந்த நாற்பதில் பெரும்பாலானவற்றின் கதை மட்டும் நினைவில் இருந்தது. என் அன்றாட வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டு, வழியில் நடக்கும்போதும் தனித்து உட்கார்ந்திருக்கும்போதும் தானாக வந்து நிற்கும் படங்கள் சிலவே. அவையெல்லாம் மலையில் நிகழ்பவை என்பதைத் தாளை மடித்து வைத்த பிறகுதான் கவனித்தேன்.

நம் மலைக்குத் திரைப்படம் புதிதன்று. பாடல் தொடங்கியதும் சமவெளியில் இருந்த நாயகனும் நாயகியும் ஸ்வெட்டரும் சால்வையுமாகத் தாவரவியல் பூங்காவின் புல்வெளியில் தோன்றுவார்கள். பாடல் முடிந்ததும் கீழே இறங்கிவிடுவார்கள். கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் "இது பைக்காரா, இது பைன் காடு" என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லி மகிழ்வார்கள். நானும் அப்படி மகிழ்ந்தவன்தான். 1998இல் வெளிவந்த 'உயிரே' படத்தில் நம் மலை ரயிலின் கூரைமேல் ஒரு கூட்டமே ஆடிக்கொண்டு போகும் பாடலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. ஆனாலும் அந்தப் பாடல்களில் மலை ஐந்து நிமிட விருந்தாளி. இங்கே மழை பெய்தால் விறகு நனையும், பனி விழுந்தால் கிழங்குச் செடி கருகும் என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. என் மனத்தில் நின்றவை அதைத் தெரிந்த படங்கள்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். நான் இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலையில் கறுப்பு வெள்ளைப் படச்சுருளும் எக்ஸ்ரே படச்சுருளும் செய்தோம். வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினை மெல்லிய பிலிம்மீது சீராகப் பூசுவதுதான் அந்தத் தொழிலின் உயிர்நாடி. பூச்சு நடக்கும் கூடத்தில் மங்கிய செவ்விளக்கு எரியும். சில வகைச் சுருளுக்கு அதுவும் ஆகாது, முழு இருட்டு. சுவரை விரலால் தொட்டுக்கொண்டு, காலடியை எண்ணிக்கொண்டு நடப்போம். எதிரே வருபவர் மோதிவிடக் கூடாது என்பதற்காக வாயால் சிறிய ஒலி எழுப்பிக்கொண்டே போவோம். இருட்டிலேயே ஒரு ஷிப்ட் முழுவதும் இருந்துவிட்டு வெளியே வரும்போது, யூகலிப்டஸ் மரங்களின்மேல் படிந்திருக்கும் சாய்ந்த வெயில் கண்ணை நிறைத்துவிடும். அதனால்தானோ என்னவோ, ஒரு படத்தைப் பார்க்கும்போது நடிகரின் முகத்தைக் கவனிப்பதற்கு முன், அந்த முகத்தின்மீது வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அப்படிப் பார்த்தவனை உலுக்கிய படம் 'குணா'. 1991 தீபாவளிக்கு வெளிவந்தது. சந்தானபாரதி இயக்கினார், வேணு ஒளிப்பதிவு செய்தார். கொடைக்கானலில் 'டெவில்ஸ் கிச்சன்' என்று ஆங்கிலேயர் பெயரிட்டிருந்த பாறை இடுக்குகள் அந்தப் படத்துக்குப் பிறகு மக்கள் வாயில் குணா குகையாகவே மாறிவிட்டன. குகைக்குள் ஒளி மேலிருந்து மட்டுமே இறங்கும். கீழே இருப்பவர்களின் முகத்தில் பாதி எப்போதும் இருட்டில் கிடக்கும். படிக்கத் தெரிந்த பெண் எழுத, எழுதத் தெரியாத ஒருவன் தன் மனத்தில் இருப்பதைச் சொல்லச் சொல்ல அது கடிதமாகவும் பாட்டாகவும் ஆகிறது. வாலி எழுதி இளையராஜா இசையமைத்த அந்தப் பாட்டில் பேச்சு எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. இருட்டில் எதிரே வருபவருக்காக ஒலி எழுப்பியபடி நடந்த எனக்கு, அந்தக் குகையில் அவன் பேசிக்கொண்டே இருப்பதன் காரணம் விளங்கியது. பேச்சு நின்றால் அங்கே இருப்பது இருட்டு மட்டுமே.

அந்தப் பாட்டுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு வாழ்வு கிடைத்தது. 2006இல் கொச்சிப் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இளைஞர்களில் ஒருவர் அந்தக் குகைக் குழிக்குள் விழுந்துவிட, நண்பர் ஒருவரே கயிற்றில் இறங்கி அவரை மீட்டார். அதைத்தான் 2024இல் சிதம்பரம் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படமாக எடுத்தார். குகையின் உட்புறத்தைக் கேரளத்தில் அரங்கமாக அமைத்துப் படமாக்கினார்கள் என்று பின்னால் அறிந்தபோது நான் வியந்துபோனேன். அந்த ஈரமும் சறுக்கலும் எனக்கு மெய்யாகவே பட்டன. இருவரும் மேலே வரும் நேரத்தில் அந்தப் பழைய தமிழ்ப் பாட்டு ஒலிக்கிறது. காதலிக்கு எழுதிய கடிதம் நண்பனுக்கு உரியதாகிவிட்டது. ஒரு பாட்டின் பொருளை இன்னொரு படம் இவ்வளவு பெரிதாக்க முடியும் என்பதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அடுத்து நான் சொல்ல விரும்புவது 2018இல் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. லெனின் பாரதி இயக்கிய அந்தப் படத்தின் களம் தேனிப் பக்கத்து மலை. ஏலக்காய்த் தோட்டங்களுக்கும் அடிவாரத்துக்கும் இடையே நடந்தே பிழைக்கும் மக்கள். ரங்கசாமி என்ற சுமைதூக்குபவர் விடியும் முன் எழுந்து மலை ஏறுகிறார். படம் அவரோடு நடக்கிறது. வழியில் எதிர்ப்படுகிறவர்களோடு நின்று பேசுகிறது. கதை எப்போது தொடங்கும் என்று காத்திருப்பவர்களுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அந்த நடையே போதுமானதாக இருந்தது. முதுகில் மூட்டையோடு மலை ஏறும் ஒருவர் மூச்சு வாங்குவதற்காக நிற்கும் நிற்பு எப்படி இருக்கும் என்பதை என் தந்தையிடம் நான் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறேன். சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து கிழங்கு மூட்டை தூக்கும் வேலைக்காக நீலகிரிக்கு ஏறி வந்தவர் அவர். சொந்தமாக ஒரு துண்டு நிலம் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. படத்தில் ரங்கசாமி அந்த நிலத்தை வாங்குகிறார். கடன் அதைத் தின்றுவிடுகிறது. முடிவில் அதே நிலத்தில் நட்டுவைத்த காற்றாலைக்குக் காவலாளியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தேனி ஈஸ்வரின் கேமரா அவரை விட்டு மெல்ல மேலே எழும்போது, சுழலும் காற்றாலைகளுக்கு நடுவே அந்த மனிதர் சிறு புள்ளியாகிவிடுகிறார். கண்ணீரை வரவழைக்கும் ஒரு சொல்கூட அங்கே இல்லை, நான் அழுதேன்.

நம் முதுமலையில் தெப்பக்காடு யானைகள் முகாமில் எடுக்கப்பட்ட 'தி எலிபண்ட் விஸ்பரர்ஸ்' 2023இல் ஆஸ்கர் பெற்றதை நேயர்கள் அறிவீர்கள். நாற்பது நிமிட ஆவணப்படம். தாயை இழந்த யானைக் குட்டியைப் பொம்மனும் பெள்ளியும் வளர்க்கிறார்கள். வளர்ந்த பின் அதை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட வேண்டியிருக்கிறது. விருதைக் காட்டிலும் அந்தப் பிரிவுதான் என்னிடம் தங்கியிருக்கிறது. பிரிவு என்று சொல்லும்போதே, நான் இவ்வளவு நேரம் தள்ளிவைத்திருந்த படத்துக்கு வந்துவிட்டேன்.

'மூன்றாம் பிறை' 1982 பிப்ரவரியில் வெளிவந்தது. எங்கள் வீடு கேத்தி பாலாடாவில். அந்தப் படம் கேத்தியில் எடுக்கப்பட்டபோது ஊரே வேடிக்கை பார்த்தது என்பார்கள்; நான் பார்க்கவில்லை, எனக்கு அப்போது பகல் ஷிப்ட். ஊரில் வெளிச்சத்தில் நடந்ததையெல்லாம் இருட்டில் இருந்து தவறவிட்ட குறையைத் தீர்த்துக்கொள்ள, படம் குன்னூருக்கு வந்த வாரமே என் தாயாரை அழைத்துக்கொண்டு போனேன். பலகை இருக்கை, கழுத்துவரை கம்பளி, இடைவேளையில் வர்க்கியும் தேநீரும். கதவு திறக்கும்போதெல்லாம் மூடுபனி உள்ளே நுழையும். திரைக்குப் போகும் ஒளிக்கற்றையில் அது புகைபோல மிதக்கும்.

விபத்தில் நினைவிழந்து குழந்தை மனத்துக்குத் திரும்பிவிட்ட ஒரு பெண்ணைக் கேத்தியில் ஆசிரியராக இருக்கும் சீனு தன் வீட்டுக்கு அழைத்து வந்து காக்கிறார் என்ற கதையை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பாலு மகேந்திரா அதை எந்த வெளிச்சத்தில் சொன்னார் என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன். மற்றவர்கள் நீலகிரிக்கு வந்து பளிச்சென்ற வெயிலுக்காகக் காத்திருப்பார்கள். அவர் நம் வழக்கமான சாம்பல் பகலைப் படமாக்கினார். சன்னல் வழியாக வரும் வெளிச்சம் அறையின் பாதியில் தீர்ந்துபோவதை அப்படியே விட்டார். எங்கள் வீட்டுச் சமையலறையிலும் வெளிச்சம் அப்படித்தான் தீரும். அவ்வாண்டின் தேசிய விருதுகளில் கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகர் விருதும் பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளர் விருதும் கிடைத்தன. அந்த இரண்டாவது விருதைக் கேட்டு எங்கள் கூடத்தில் இருட்டிலேயே கைதட்டினோம். கண்ணதாசன் கடைசியாக எழுதிய திரைப்பாடல் என்று போற்றப்படும் தாலாட்டும் இந்தப் படத்தில்தான் இருக்கிறது. படம் வரும்போது கவிஞர் இல்லை.

எங்களோடு வேலை செய்த, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்த நண்பர் ஒருவருக்கு இதில் தனிப் பெருமை. பாலு மகேந்திரா மட்டக்களப்புக்கு அருகே அமிர்தகழியில் பிறந்தவர் என்பதால், "எங்கட ஆள்" என்றே அவரைச் சொல்வார். சிறுவனாக இருந்தபோது பள்ளிச் சுற்றுலாவில், இலங்கையில் நடந்துகொண்டிருந்த ஆங்கிலேய இயக்குநர் டேவிட் லீனின் படப்பிடிப்பைப் பாலு மகேந்திரா பார்த்திருக்கிறார். லீன் "மழை" என்று குரல் கொடுத்ததும் மழை பெய்ததாம்; அந்த வியப்பே தம்மைத் திரைப்படத்தின் பக்கம் இழுத்தது என்று அவரே பலமுறை கூறியிருக்கிறார். அந்தச் சிறுவர் வளர்ந்து கேத்தி ரயில் நிலையத்தில் மழையைப் பெய்வித்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அதே டேவிட் லீன் 'எ பாசேஜ் டு இந்தியா' என்ற படத்துக்காக நம்முடைய இதே மலை ரயில் பாதைக்கு வந்தார். ஒரே தண்டவாளத்தின்மீது குருவும் அவர் அறியாத சீடரும் முன்பின்னாக நடந்து போயிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அந்த நிலையக் காட்சிக்கு வருகிறேன். நினைவு திரும்பிய பெண் பெற்றோருடன் வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். சீனு சேறும் காயமுமாக ஓடி வருகிறார். இடையில் இருந்த நாட்கள் அவள் நினைவில் இல்லை. அவளைச் சிரிக்கவைப்பதற்காக முன்பு செய்து காட்டிய குரங்கு வேடிக்கையை நடைமேடையில் மறுபடி செய்து காட்டுகிறார். பித்துப் பிடித்த பிச்சைக்காரர் என்று அவள் எண்ணிக்கொள்கிறாள். இந்தக் காட்சியைப் பற்றி நடிப்பின் சிறப்பாகவே எல்லாரும் பேசுகிறார்கள். நான் மலைக்காரனாக ஒன்று சொல்வேன். சமவெளியின் விரைவு வண்டியாக இருந்திருந்தால் அது நொடியில் நிலையத்தைக் கடந்திருக்கும். அவருக்கு முயன்று பார்க்கவே நேரம் இருந்திராது. நம் வண்டி குன்னூருக்கு மேலே மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதது. புறப்படும்போது மனிதன் கூடவே நடந்து சன்னலில் பேசிக்கொண்டு போகலாம். அந்த மெதுவான புறப்பாடுதான் சீனுவுக்கு நம்பிக்கையைக் கொடுக்கிறது. இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று அவரை ஆடவைக்கிறது. வண்டி போன பிறகு அவர் ஈரமான நடைமேடையில் உட்கார்ந்துவிடுகிறார்.

என் தாயார் அன்று கொட்டகையிலிருந்து வீடு வரும்வரை பேசவில்லை. மறுநாள் காலை அடுப்பை ஊதிக்கொண்டே, "ஏங் கண்ணு, அந்தப் புள்ளைகிட்ட ஆராச்சும் ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று கேட்டார். கதை அப்படி அமைந்திருக்கிறது என்றேன். அவர் ஏற்கவில்லை. "அடுத்தது அருவங்காடு, அப்பறம் வெல்லிங்டன், அப்பறந்தான் குன்னூரு. குன்னூர்ல வண்டி எவ்வளவு நேரம் நிக்கும்! ரோட்டுல ஒரு ஜீப்பைப் புடிச்சா வண்டிக்கு முன்னாடியே போய் நின்னுருக்கலாமே" என்றார். ஊரறிந்தவர் சொன்னது உண்மைதான். நம்மில் யாரும் அப்படித்தான் செய்திருப்போம். அதற்குப் பின் பல ஆண்டுகள், கேத்தி நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிற்காலத்தில் அவருடைய நினைவும் தளர்ந்தது. என்னைச் சில நாள் தன் தம்பியின் பெயரால் அழைப்பார். ஒருநாள் மருத்துவமனைக்குப் போய்வரும் வழியில் களைத்துப்போனதால் கேத்தி நிலையத்து நடைமேடையில் அவரை உட்காரவைத்தேன். குன்னூருக்குப் போகும் வண்டி வந்தது, நின்றது, புறப்பட்டது. அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர், என் கையைப் பற்றி எழுப்பினார்.

"இன்னும் அருவங்காடு தாண்டியிருக்காது கண்ணு. போலாம் வா."

வணக்கம்.