வெயில் எட்டாத பவளம்

நேயர்களுக்கு வணக்கம். பவளப்பாறை என்றதும் வெயிலில் மின்னும் ஆழமில்லாத கடல்தான் பலருக்கும் கண்முன் வரும். நான் பேச வந்தது இருட்டிலேயே வளரும் பவளத்தைப் பற்றி.

நார்வே கரைக்கு அப்பால், 300 முதல் 400 மீட்டர் ஆழத்தில், ரோஸ்ட் பவளத்திட்டு கிடக்கிறது. நீளம் சுமார் 40 கிலோமீட்டர். அவ்வளவு பெரியதை 2002-இல்தான் கண்டுபிடித்தார்கள். இத்தனைக்கும் அதைக் கட்டிய லோஃபீலியா என்ற பவள இனத்தை 1758-லேயே இயற்கை அறிஞர் லின்னேயஸ் பெயரிட்டுப் பதிவு செய்துவிட்டார். கொத்தனாரைத் தெரியும், கட்டடத்தைத்தான் தெரியாது!

மேல்கடல் பவளத்தின் உடம்புக்குள் பாசி குடியிருந்து, வெயிலைக் கொண்டு அதற்குச் சோறு போடுகிறது. ஆழத்தில் அந்தச் சலுகை கிடையாது. நீரோட்டம் அடித்து வருகிற சிற்றுயிர்களைக் கைநீட்டிப் பிடித்துத்தான் வயிறு வளர்க்க வேண்டும். அதனால்தான் ஓட்டம் வேகமாக இருக்கும் மேடுகளிலும் விளிம்புகளிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. வளர்ச்சியும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான்.

இதில் உயிருள்ள பகுதி மேல்கிளைகள் மட்டும். கீழே இருப்பதெல்லாம் செத்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடு, இடுக்குகளில் வண்டல். அயர்லாந்துக்கு மேற்கே கடலடியில் சேலஞ்சர் மேடு என்று ஒரு பவள மேடு, உயரம் 155 மீட்டர். 2005-இல் துளையிட்டுப் பார்த்தபோது, அது எழத் தொடங்கிச் சுமார் 26 லட்சம் ஆண்டுகள் ஆகியிருப்பது தெரிந்தது.

மீன், நண்டு, நட்சத்திரமீனின் உறவான நொறுங்கு நட்சத்திரம் என்று பலவற்றுக்கும் அந்தக் கூடுதான் ஒதுங்குமிடம். எனக்குப் பிடித்த குடித்தனக்காரர் யூனிசி என்ற புழு. தான் இருக்கத் தாள் போன்ற குழாய் ஒன்று செய்துகொள்ளும். பவளம் அதன்மேல் சுண்ணாம்பு பூசிவிடும். பக்கத்துக் கிளைகள் இணைந்து கட்டடம் இன்னும் உறுதியாகும். பவளம் பிடித்த இரையை அந்தப் புழு அவ்வப்போது திருடித் தின்னும் என்பது வேறு கதை. சரி, அது வாடகையைக் கழித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கடலடியைச் சுரண்டிப் போகும் இழுவலை ஒரே இழுப்பில் இதை நொறுக்கிவிடும். நார்வேயின் சூலா திட்டில் 1999-இல் அந்த வலைக்குத் தடை போட்டார்கள்.

வலையைத் தடுக்கலாம், தண்ணீரை எப்படித் தடுப்பது? கரியமில வாயு கரையக் கரையக் கடல்நீரின் அமிலத்தன்மை கூடுகிறது. உயிருள்ள பவளம் ஓரளவு சமாளித்துச் சுண்ணாம்பைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். போர்த்த சதையில்லாத பழைய கூடோ கரையத் தொடங்கும். மேலே கிளைகள் வெள்ளையும் ஆரஞ்சுமாக உயிரோடு இருக்கும்போதே, கீழே அவற்றைத் தாங்கும் அடித்தளம் பொத்தலாகிக்கொண்டிருக்கக்கூடும்.

நன்றி, வணக்கம்.