பெயிண்ட் கடைசி வேலை

நேயர்களுக்கு வணக்கம். ஐம்பது, அறுபது வருடம் பழமையான ஒரு பேருந்தை மறுபடியும் சாலைக்குக் கொண்டுவருவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு உயிரான வேலை இது. நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் முதன்முதலில் கைவைத்த பேருந்து பார்ப்பதற்குப் பளபளவென்று இருந்தது. பின்சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் மட்டும் ஒரு நாணயம் அளவுக்குப் பெயிண்ட் லேசாக உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் விரல் கனத்துக்குப் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு. பட்டிக்குப் பின்னால் மடித்துத் திணித்த சாக்குத் துணி. அதன்மேல் யாரோ அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்த வளைவை வெட்டிப் புதுத் தகடு வைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்: பழைய வண்டிக்குப் பெயிண்ட் கடைசி வேலை.

இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மேலே என்ன பூசியிருந்தாலும் அதைத் தள்ளிக்கொண்டுதான் வரும். அலுமினியத் தகடு போர்த்திய பேருந்துகளில் வேறொரு சங்கடம். அலுமினியமும் இரும்புச் சட்டமும் தொடுகிற இடத்தில் ஈரம் சேர்ந்தால், அந்த இடம் சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். அதனால் தகட்டைத் திரும்ப ரிவெட் அடிக்கும்போது இரண்டு பக்கமும் பிரைமர் என்ற அடிப்பூச்சு பூசி, நடுவில் ஈரம் புகாத ஒரு பட்டையும் கொடுத்துவிட வேண்டும்.

லண்டனின் ரூட்மாஸ்டர் பேருந்துகள் 1956 முதல் 2005 வரை வழக்கமான தடங்களில் ஓடின. அலுமினிய பாடி கொண்ட வண்டிகள் அவை. ஆல்டன்ஹாம் என்ற பணிமனையில் பாடியை அடிப்பாகத்திலிருந்து தனியாகத் தூக்கியே பழுது பார்த்தார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. ஜாக்கி வைத்துத் தூக்கி, கனமான கட்டைகளை முட்டுக்கொடுத்த பிறகு, கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் உள்ளே போகாதீர்கள்.

மரச்சட்டம் உள்ள வண்டியாக இருந்தால் தகட்டைக் கழற்றியதும் ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு தூணையும் குத்திப் பாருங்கள். வாசற்படிக்குப் பக்கத்தில், ஜன்னலுக்குக் கீழே, பின் மூலைகளில் நிச்சயம் எங்காவது பதமாக இறங்கும். உளுத்த தூணை எடுக்கும் முன் உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்து இறுக்கிவிட வேண்டும். ஒவ்வொரு ஜன்னலையும் மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் பாடி சாய்ந்துவிடும்; அப்புறம் எந்தக் கண்ணாடியும் அதன் இடத்தில் உட்காராது.

பழைய பெயிண்டைச் சுரண்டும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வெயில் படாத மறைவிடமாகப் பார்த்து, வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளை நனைத்து உள்ளங்கை அளவுக்கு வட்டமாகத் தேயுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், உலர்வாகத் தேய்க்கக் கூடாது. நடுவில் ஆழமாக, ஓரத்தில் மேலோட்டமாகத் தேய்த்தால் மரத்தின் ஆண்டு வளையங்கள் மாதிரி நிறங்கள் வரிசையாகத் தெரியும். என் வண்டி மேலே நீலம். அதற்குள் மஞ்சள், அதற்குள் இன்னொரு நீலம், கடைசியில் பிரைமரை ஒட்டி ஆழ்ந்த பச்சை. அது வண்டி பிறந்தபோது இருந்த நிறம். அன்று வேறு வேலை எதுவும் ஓடவில்லை எனக்கு. அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, இனி இயந்திரப் பகுதி. எல்லோருக்கும் என்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கத்தான் அவசரம். நான் பிரேக்கில் ஆரம்பிப்பேன், நிற்காத வண்டியை ஓட்டவே முடியாது அல்லவா? பழைய கனரக வண்டிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் இடமரை கொண்டவை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். அது தெரியாமல் முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட் முறியும். டயரை விளிம்பில் பிடித்து நிறுத்தும் லாக் ரிங் என்ற இரும்பு வளையம் உள்ள சக்கரமாக இருந்தால், வால்வின் உள்முள்ளைக் கழற்றிக் காற்று முழுவதையும் இறக்காமல் தொடவே கூடாது. அந்த வளையம் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால், டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ரப்பர் குழாய்களும் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வுகளும் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

நீண்ட நாள் நின்று இறுகிப்போன டீசல் என்ஜினுக்குச் செல்ஃப் அடிக்கவும் கூடாது, வண்டியைக் கட்டி இழுக்கவும் கூடாது. டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் மெல்லிய ஆயிலும் கலந்து ஊற்றிக் காத்திருக்க வேண்டும். பிறகு ஃப்ளைவீல் என்ற கனமான பல்சக்கரத்தைக் கம்பியால் நெம்பி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசைக்க வேண்டும். எனக்குப் பதினோராவது நாள், ஃப்ளைவீல் ஒரே ஒரு பல் அளவுக்கு நகர்ந்தது. சத்தம்கூட இல்லை, கைக்கு மட்டும்தான் தெரிந்தது.

டேங்கைக் கழுவி, பம்பின் காற்றுத் திருகைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை கையால் அடித்த பிறகுதான் முதல் ஸ்டார்ட். அப்போது காற்று உள்ளே போகும் வாயில் பக்கத்தில் ஒருவர் பலகையோடு தயாராக நிற்க வேண்டும். நெடுநாள் நின்ற பம்பில், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ரேக் என்ற தண்டு சிக்கிக்கொண்டால் என்ஜின் கட்டுக்கு அடங்காமல் சீறும். அந்த நேரத்தில் பலகையால் காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

பெயிண்ட் அடிக்கும் முன்பே முதல் ஓட்டத்தை முடித்துவிடுவேன். ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்துவேன். இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை அருகே கொண்டுபோவேன். ஒன்று மட்டும் கொதித்தால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இளஞ்சூடு இருந்தால் மறுநாள் காலை பச்சை பெயிண்ட் டப்பாவைத் திறக்கலாம். வணக்கம்.